எவன்டா அந்தக் கேடி?

மகனே,

'அன்புள்ள' என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம் என்று எனக்கும் தெரியும். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். பொய்யாக ஒரு சொல்லை எழுத இன்றைக்கு எனக்குக் கை வரவில்லை. போனில் பேசலாம் என்றால் "மா, கால்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். நேரில் பேசலாம் என்றால் காதில் அந்த வெள்ளைக் குமிழைச் சொருகிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாய். அதனால் எழுதுகிறேன். முதலில் உன் கைக்கு வரும், அப்புறம் நாலு பேர் படிக்கட்டும். உன்னைப் போல் பிள்ளை பெற்றவள் இந்த ஊரில் நான் ஒருத்தி மட்டும் இல்லை. பயப்படாதே, உன் பெயரை எங்கேயும் எழுதவில்லை. ரேவதி என்று நான் எழுதப்போவதும் அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. அவள் யாரென்று உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மந்தைவெளியில் நம் பழைய குடியிருப்பில் நமக்கு நேர் கீழே, முதல் மாடியில் இருக்கும் பெண். உன்னோடு ஒரே டியூஷனுக்குப் போனவள். உன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவள்.

ஞாயிற்றுக்கிழமை அடையாறு புது வீட்டில் பால் காய்ச்சுகிறாய். "வண்டி அனுப்பறேன்மா, பெட்டியையும் கட்டிகினு வந்துடு, அந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்" என்றாய். நான் வரமாட்டேன். பால் பொங்கினாலும் சரி, அடிபிடித்தாலும் சரி. வருகிறவர்களிடம் 'அம்மாவுக்கு மூட்டுவலி, படி ஏறமுடியவில்லை' என்று கதை கட்டாதே. உன் வீட்டில் லிப்ட் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். என் மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. உன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, அதுதான் காரணம். பெற்றவள் இப்படி எழுதலாமா என்று உன் மாமியார் கேட்பாள். பெற்றவள் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்? மற்றவர்கள் எல்லாம் உன் வீட்டுக்கு வந்து கிச்சன் கேபினட்டைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது நினைவிருக்கிறதா? ஒருநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல், "மா, நாளைக்கு சீக்கிரம் எழுப்பிவிடு, கேடி இருக்கு" என்றாய். எனக்குத் தெரிந்த கேடி, போலீஸ் ஸ்டேஷன் பலகையில் போட்டோ ஒட்டியிருக்கும் ஆள். நான் பதறிப்போய், "எவன்டா அந்தக் கேடி? ஆபீஸ்ல உன்னாண்ட வம்பு பண்றானா?" என்று கேட்டேன். நீ சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். அப்புறம்தான் விளக்கினாய். நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபராம், அதைத்தான் சுருக்கி கேடி என்பார்களாம். ஒருத்தர் பார்க்கிற வேலையை இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுப்பதாம். அமெரிக்காவில் ஒரு அம்மா பார்த்துக்கொண்டிருந்த வேலை உனக்கு வருகிறது, அந்த அம்மாவே கம்ப்யூட்டரில் தோன்றி உனக்கு எல்லாம் விளக்குவாள் என்றாய். "அப்ப அவ இன்னாடா பண்ணுவா?" என்று கேட்டேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்களுக்கு வேற ரோல் குடுப்பாங்கம்மா" என்றாய். நானும் நம்பிக்கொண்டு சாம்பாரைத் தாளிக்கப் போனேன். அன்றிலிருந்து அது நம் வீட்டுக் கேலி. உன் அப்பா இருந்தவரைக்கும், நீ வாசலில் செருப்பை விட்டால் போதும், "வந்துட்டான்டி கேடி, சோத்தைப் போடு" என்பார். நீயும் இளித்துக்கொண்டே வந்து உட்காருவாய். இன்றைக்கு அந்தச் சொல்லை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ மேலே மேலே போய் ஒரு டீமுக்கே மேனேஜர் ஆனபோது, ரேவதிக்கு ஒரு வேலை போட்டுக்கொடு என்று உன்னிடம் கேட்டவள் நான்தான். அவள் அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் அது. நீயும் மாட்டேன் என்று சொல்லவில்லை, கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டாய். அதற்கு இன்றைக்கும் உனக்கு நன்றி சொல்வேன், அதில் குறை வைக்கமாட்டேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்லைப் பார்த்து, இன்ஷூரன்ஸ்காரன் எதைக் கொடுக்கவேண்டும் எதைக் கொடுக்கத் தேவையில்லை என்று பிரிக்கிற வேலை. மந்தைவெளியில் ரயில் ஏறி வேளச்சேரியில் இறங்கிப் போய்வந்தாள். வேளச்சேரி முழுக்க வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் லேப்டாப்பைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் போகாவிட்டால் அங்கே யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவனின் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்றாள். அதற்காக அவளை மேடையில் ஏற்றி ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தாய். அது இன்னும் அவள் வீட்டு டிவி மேல் இருக்கிறது. நீ வந்தால் பார்க்கலாம்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒருநாள் ரேவதி என்னிடம் வந்தாள். வந்தவள் உட்காரவில்லை, அடுப்படி வாசலில் நின்றுகொண்டு கதவின் தாழ்ப்பாளை நோண்டிக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, மணிலால புதுசா ஒரு டீம் போட்டிருக்காங்க. எங்க வேலையை எல்லாம் அவங்களுக்குக் கேடி குடுக்கச் சொல்றாங்க. எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் நாங்க எதுக்கு ஆன்ட்டி? ஆபீஸ்ல கேட்டா யாரும் பதிலே சொல்லமாட்டேங்கறாங்க. நீங்க கேட்டா அவன் சொல்லுவான்" என்றாள். அவளுக்குக் கிண்டியில் வேறொரு கம்பெனியில் வேலைக்கு ஆர்டர் கையில் இருந்தது. போகலாமா வேண்டாமா என்று அந்த வாரத்துக்குள் சொல்லவேண்டும். நான் உன்னைக் கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா? இங்கேதான், இந்தச் சாப்பாட்டு மேஜையில்தான் உட்கார்ந்திருந்தாய். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய்: "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. டீமைப் பெருசாக்கறாங்க. அவ எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா, அப்புறம் அவளுக்கு வேற பெரிய ரோல் இருக்கு. பயப்படாம குடுக்கச் சொல்லு." சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாய். நான் ஊற்றினேன்.

நான் உடனே கீழே இறங்கிப் போனேன். "என் புள்ள சொல்லிட்டான்டி, உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது, கிண்டிக்கெல்லாம் போவாத" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்கவேண்டும். அன்றைக்கே கிண்டிக்காரனுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்த மாதத்தோடு அவர்கள் வேலை முடிகிறது என்பதுவரை தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே என் வாயில் அந்தப் பொய்யை வைத்து அனுப்பினாய். உன் வாயால் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள். அந்த அளவுக்கு அவள் உன்னை அறிந்தவள். மேல் வீட்டு ஆன்ட்டி சொன்னதால் நம்பினாள். இந்தக் கட்டடத்தில் நான் இத்தனை வருஷம் சேர்த்தது நகையும் இல்லை, நிலமும் இல்லை. நான் ஒன்று சொன்னால் அது அப்படித்தான் இருக்கும் என்ற பேர் ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டுபோய் உன் ஆபீஸ் வேலைக்குச் செலவழித்துவிட்டாய். அடப்பாவி, கேட்டுவிட்டாவது எடுத்திருக்கக்கூடாதா?

உண்மை எப்படித் தெரியவந்தது என்று உனக்குத் தெரியுமா? மணிலாவில் ரேவதியிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பெண், பாவம், நல்ல பெண். ரேவதிக்கும் அவளுக்கும் சிநேகமாகிவிட்டது. அவள் குழந்தைக்கு ஜுரம் என்றால் ரேவதி இங்கிருந்து கஷாயம் சொல்லுவாள். ஒருநாள் பாடம் முடிந்ததும் அந்தப் பெண், உங்களை எல்லாம் ரொம்பத் தேடும், உங்கள் கடைசி நாள் எப்போது என்று கேட்டிருக்கிறாள். கற்றுக்கொள்ள வந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லிக்கொடுத்தவளுக்குத் தெரியவில்லை. ரேவதிக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனதாம். அதற்கடுத்த வாரம் ஒரு வீடியோ கூட்டம் போட்டு மொத்த டீமையும் வீட்டுக்கு அனுப்பினீர்கள். எச்ஆர் பெண் ஏதோ படித்தாளாம். நீயும் அந்தக் கூட்டத்தில் இருந்தாயாம், ஆனால் உன் கட்டத்தில் படம் வரவில்லையாம், வெறும் பெயரும் கறுப்பும்தானாம். கேமராவை அணைத்துவிட்டு என்ன செய்துகொண்டிருந்தாய்? டீ குடித்துக்கொண்டிருந்தாயா?

நான் எதிலும் கரை கண்டவள் இல்லை. ஆனால் வேலை போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தி.நகரில் அந்தப் பட்டுக்கடையில் நான் எத்தனை வருஷம் நின்றேன் என்று நீயே பார்த்திருக்கிறாய், உன் கான்வென்ட் ஃபீஸ் அந்தக் காலில்தான் நின்றது. அந்த முதலாளியும் உத்தமன் இல்லை. தெற்கேயிருந்து சின்னப் பெண்களைக் கூட்டி வந்து விடுதியில் போட்டு, குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டவன்தான். ஆனால் என்னை அனுப்பவேண்டும் என்று முடிவானதும் அவனே என் கவுன்ட்டருக்கு வந்தான். "அம்மா, அடுத்த மாசத்தோட உங்களை வெச்சிக்க முடியாது. அந்தப் பொண்ணுங்க எவ்ளோ நேரமானாலும் நிப்பாங்க, நீங்க மந்தைவெளி பஸ்ஸைப் புடிக்கணும்னு பறக்கறீங்க" என்று என் மூஞ்சிக்கு நேராகச் சொன்னான். நானும் அவன் மூஞ்சிக்கு நேராக, "நல்லா இருப்பியா நீ? என் வயித்துல அடிச்சிட்டு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கல்லாப்பெட்டிக்குக் கற்பூரம் காட்டறியே, அது எரியுமா?" என்று கேட்டேன். வாங்கிக்கொண்டு நின்றான். சொன்ன பிறகுதான், அந்தப் பெண்களுக்குப் புடவை பிரித்துக் காட்டவும் மடிக்கவும் சொல்லித்தருவீர்களா என்று கேட்டான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதில் ஒருத்தி அம்மாவை நினைத்து ஸ்டோர் ரூமில் அழுதுகொண்டிருந்தாள், பார்க்கச் சகிக்கவில்லை. சொல்லித்தந்தேன். என் இடத்துக்குத்தான் வருகிறாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்து செய்தது, அதனால் எனக்கு அவமானமாக இல்லை. திட்டுவதற்கு அவன் எனக்கு ஒரு முகம் கொடுத்தான். நீ ரேவதிக்கு ஒரு கறுப்புக் கட்டத்தைக் கொடுத்தாய்.

இதையெல்லாம் சில வாரம் கழித்து நீ இங்கே வந்தபோதே உன்னிடம் கேட்டேன், நீயும் சும்மா இருக்கவில்லை. "அமெரிக்காக்காரன் வேலை இங்க வந்தப்போ நீ சக்கரைப் பொங்கல் வெச்ச. இப்ப இங்கேர்ந்து மணிலாவுக்குப் போனா மட்டும் தப்பா?" என்று கேட்டாய். சரியான கேள்விதான். எனக்கு முழுப் பதில் தெரியாது. அந்த மணிலாப் பெண்ணுக்கும் வீட்டு வாடகை இருக்கும், படுக்கையில் ஒரு அப்பா இருக்கலாம், அவள் வயிறும் வயிறுதான். அவள் மேல் எனக்குத் துளி கோபம் இல்லை. அந்த அமெரிக்கக்கார அம்மாவுக்கு வேற ரோல் கொடுத்தார்களா என்று நான் அப்புறம் உன்னைக் கேட்கவே இல்லை, நீயும் விசாரித்திருக்கமாட்டாய். அப்புறம் உன் பெரிய வாதத்தைப் போட்டாய்: "நீ மட்டும் என்னம்மா, வஞ்சிரம் பத்து ரூபா கம்மின்னா அடுத்த கூடைக்குப் போறவதானே? கம்பெனியும் அதேதான் செய்யுது." எனக்கு அந்த நேரத்தில் வாய் அடைத்துப்போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். நீ ஜெயித்துவிட்ட மாதிரி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

மறுநாள் ரயில் ஸ்டேஷன் பக்கம் மீன் வாங்கப் போனேன். அங்கே மீன்காரி கௌரி, வழக்கம்போல் நான் விலையைக் குறைத்துக் கேட்டதும் எகிறினாள். "இன்னாம்மா, மீனு வாங்க வந்தியா, என் உசுர வாங்க வந்தியா? போ, ஏசி போட்ட கடைக்குப் போ. அவன் உனுக்கு செதில் சீவிக் குடுத்து, தலைய வேற தனியா கட்டிக் குடுக்கறானா பாக்கலாம்! வன்ட்டா காலங்காத்தால!" என்றாள். நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொல்ல, கடைசியில் நடுவில் ஒரு விலைக்குப் படிந்து, சிரித்துக்கொண்டே ஒரு மத்தியை மேலே போட்டாள். அங்கேயே, பையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, உனக்கு என்ன பதில் சொல்லியிருக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் அவளிடம் பேரம் பேசுகிறேன் என்று அவளுக்குத் தெரியும்டா! அவள் பதிலுக்கு என்னைக் கிழிக்கலாம், கூடையை மூடிக்கொண்டு, போடி என்று சொல்லலாம். ரேவதிக்கு அந்த இடத்தைக் கொடுத்தாயா? மீன் விலை குறைகிறது என்று சொல்லாமல், "அக்கா, மீன் எப்படிப் பிடிக்கிறதுன்னு இவங்களுக்குச் சொல்லிக் குடு, உனக்குப் பெரிய படகு வாங்கித் தரேன்" என்று சொல்லிக் கூடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனவன் நீ. அதற்குப் பேர் பேரம் இல்லை.

உள்ளூர் ஆள், வெளியூர் ஆள் என்று நான் பேசுகிறபோது நீ உதட்டைச் சுழிக்கிறாய், ஏதோ நான் அரசியல் மேடையில் பேசுவது மாதிரி. உள்ளூர் என்றால் எனக்கு ஒன்றுதான் அர்த்தம். நாளைக்குக் காலையில் யார் முகத்தில் முழிக்கவேண்டுமோ அவர்கள்தான் உள்ளூர். தண்ணீர் லாரி வந்தால் என் குடத்தையும் சேர்த்துப் பிடித்து வைப்பவள் ரேவதி. உன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது ஆட்டோவைக் கூப்பிட ஓடினவள் அவள். நீ அப்போது எங்கேயோ மீட்டிங்கில் இருந்தாய். அவளுக்கு வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்று உலகத்தில் சட்டம் இல்லை. வேலை வரும், போகும். ஆனால் அவள் முகத்தில் முழிக்கவேண்டியவன் அவளை ஏமாற்ற யோசிப்பான். நீ யோசிக்கவில்லை, ஏனென்றால் அடையாறுக்குப் போனதும் படிக்கட்டில் அவளைப் பார்க்கவேண்டிய அவசியம் உனக்கு இல்லை. எனக்கு இருக்கிறது. தினமும் இருக்கிறது. "நான் இல்லன்னா இன்னொருத்தன் செஞ்சிருப்பான்மா" என்றாயே, அந்த இன்னொருத்தனே செய்து தொலைத்திருக்கட்டுமே! அவன் அம்மா இந்தக் கட்டடத்தில் இல்லையே.

அந்த வீடியோ கூட்டம் முடிந்த அன்று நான் கீழே போய்க் கதவைத் தட்டினேன். என்ன சொல்வது என்று தெரியாமலே தட்டினேன். அவள் திறந்தாள், உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. "நான் அவனை நம்பல ஆன்ட்டி. உங்களைத்தான் நம்புனேன்" என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை. கொஞ்ச நாள் படிக்கட்டில் எதிரே வந்தால் சுவர்ப்பக்கமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள். முன்னெல்லாம் என் பையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு வந்தவள். நான் அந்த நாட்களில் கடைக்குப் போகவே பயந்துகொண்டு, மோருக்குக்கூட வாட்ச்மேனை அனுப்பினேன். என்னை என் வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ள வைத்தவன் நீ.

கிண்டி வேலை அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது. அவள் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. ஒரே வேலையை இத்தனை வருஷம் பார்த்தவளை யாரும் எடுக்கமாட்டேன் என்கிறார்களாம். கடைசியில் போன மாதம் தி.நகரில் ஒரு நகைக்கடையில் கவுன்ட்டரில் நிற்கச் சேர்ந்தாள். சேர்ந்த அடுத்த வாரம் அவளாகவே படியேறி வந்தாள், இத்தனை நாளைக்கு அப்புறம் முதல் தடவையாக. "ஆன்ட்டி, நீங்க எப்பிடி அவ்ளோ நேரம் நின்னீங்க? எனக்குக் கால் ரெண்டும் கழண்டு போவுது" என்றாள். நான் அவளை உட்காரவைத்தேன். ஒரு காலில் சாய்ந்து நிற்காதே, முழங்கால்வரை இறுக்கமான சாக்ஸ் போடு, செருப்பை ஒரு சைஸ் பெரியதாக வாங்கு, சாயங்காலம் பாதம் வீங்கும். பாத்ரூமுக்கு விடமாட்டார்கள் என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. உட்கார ஸ்டூல் போடவேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது, சூப்பர்வைசர் முறைத்தாலும் உட்காரு. எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தபோது அவள் திடீரென்று சிரித்துவிட்டாள். "இன்னாடி?" என்றேன். "எனக்கு நீங்க கேடி குடுக்கறீங்க ஆன்ட்டி" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். நீ கொடுத்த வேலையிலிருந்து, நான் விட்டுவிட்டு வந்த வேலைக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாயே!

இனி சொல்லப்போவதைக் காதில் எதையும் சொருகிக்கொள்ளாமல் படி. போன புதன்கிழமை அவளுக்கு வார லீவு. மத்தியானம் என் வீட்டில்தான் இருந்தாள், வாளியில் கல்லுப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ கூப்பிட்டாய். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். பால் காய்ச்சுவதைப் பற்றிப் பேசினாய், யார் யாரைக் கூப்பிட்டாய் என்று சொன்னாய். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் குரல் குஷியாக மாறியது. "மா, ஒரு நல்ல விஷயம். மணிலாலேர்ந்து ஒரு பையன் வந்திருக்கான், கொஞ்ச நாள் என் கூடவே உக்காரப்போறான். கிளையண்டுகிட்ட எப்பிடிப் பேசறது, ரிப்போர்ட் எப்பிடிப் போடறதுன்னு எல்லாம் அவனுக்குச் சொல்லித்தரணும். டீமைப் பெருசாக்கறாங்க. எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா, அப்புறம் எனக்கு வேற பெரிய ரோல் இருக்குன்னு டைரக்டரே சொல்லிட்டாரும்மா!"

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ரேவதி தண்ணீரிலிருந்து காலை எடுத்துவிட்டாள், தரையெல்லாம் ஈரம். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். நீ அந்தப் பக்கம், "ஹலோ, ஹலோ, கேக்குதாம்மா?" என்று கத்திக்கொண்டிருந்தாய். கேட்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. படட்டும் என்றுதான் வந்தது. உனக்கும் ஒரு கறுப்புக் கட்டத்துக்குப் பின்னாலிருந்து யாராவது சொல்லட்டும், உன்னையும் கற்றுக்கொள்ள வந்தவனே உன் கடைசி நாள் எப்போது என்று கேட்கட்டும் என்று வந்தது. பெற்ற வயிறுதான், ஆனாலும் அப்படித்தான் வந்தது. ரேவதியிடமே, "நல்லா வேணும்டி அவனுக்கு. வாயத் தொறக்காத" என்றேன்.

அவள் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இல்ல ஆன்ட்டி, அவன்கிட்ட சொல்லிடுங்க. இப்பவே வேற எடம் பாக்கச் சொல்லுங்க. எனக்கு யாருனா ஒருத்தர் சொல்லியிருந்தா நான் கிண்டிக்குப் போயிருப்பேன். நீங்க சொல்லலன்னா நான் போன் பண்ணி சொல்லுவேன்." நான் முடியாது என்றேன். அவள் என் முன்னாலேயே போனை எடுத்து உன் நம்பரைத் தேட ஆரம்பித்தாள். அவளிடமிருந்து போனைப் பிடுங்கி, நானே எழுதுகிறேன் என்று சத்தியம் செய்துகொடுத்த பிறகுதான் கீழே இறங்கிப்போனாள். இந்த முறை நான் கொடுத்த வாக்கு பொய்யாகக்கூடாது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஆகவே சொல்லிவிட்டேன். உன்னிடம் கேடி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்டா. நான் நினைப்பது தப்பாக இருந்தால் நல்லதுதான், ஆனால் வார்த்தைக்கு வார்த்தை அதே பேச்சு, நீ இந்த மேஜையில் உட்கார்ந்து பேசிய பேச்சு. வேறு வேலை தேட ஆரம்பி. இது என் புத்திமதி இல்லை, அவள் சொல்லி அனுப்பியது. நன்றி சொல்லவேண்டுமானால் எனக்குச் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு எல்லாம் சோறு போட்டு முடித்துவிட்டு, சாயங்காலம் மந்தைவெளிக்கு வா. என் வீட்டுக்கு ஏறி வராதே. முதல் மாடியிலேயே நில். அவள் கதவைத் தட்டு. அவள் திறந்தால் மேலே வா, உனக்கும் அவளுக்கும் சேர்த்துக் காபி போட்டு வைக்கிறேன்.

அம்மா